நத்தைக்கு வாங்கிய கள்

நேற்று மாலைத் தூறலில் ரோஜாத் தொட்டியை நகர்த்தினேன். அடியில் ஓடில்லாத நத்தை ஒன்று, விரல் நீளத்துக்கு, எந்த அவசரமும் இல்லாமல் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் உப்பை எடுக்க ஓடியிருப்பார்கள். நான் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னாச்சும்மா?" என்றாள். என்னவென்று சொல்வது? கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியவர் போய் இது இரண்டாவது மழைக்காலம். அதனால் எழுதி வைக்கிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் கல்யாணமாகி மத்திகிரிக்கு வந்தேன். அவருக்கு, ஜான்பீட்டருக்கு, அங்கே அரசாங்கக் கால்நடைப் பண்ணையில் வேலை. வாடகை வீடு, பின்னால் ஒரு சின்னக் கொல்லை. நான் பிறந்த கல்லாவியில் மழை பெய்தாலே அது ஒரு செய்தி. நத்தை என்றால் ஏரிச் சேற்றில் ஓட்டோடு கிடப்பது என்றுதான் எனக்குத் தெரியும். மத்திகிரியில் முதல் மழையில், அறுந்து விழுந்த நாக்கு ஒன்று தானாக நகர்ந்து வருவதைப் போல ஒன்றைப் பார்த்ததும், துணி துவைக்கும் கல்மேல் ஏறி நின்று கத்தினேன். அவர் புல்லறுக்கும் அரிவாளோடு ஓடி வந்தார்.

"அட, இதுக்கா இந்தச் சத்தம்? அது உன்னைத் தின்னாது ராணி. முட்டைக்கோஸைத்தான் தின்னும்."

"அது இன்னும் மோசங்க!" என்று மறுபடி கத்தினேன்.

மோசம்தான். என் வாழ்க்கையே அந்த முட்டைக்கோஸில்தான் இருந்தது.

என் அப்பா பிரகாசம், கல்லாவிச் சபையின் உபதேசியார். குடிக்கு எதிராகப் பேச ஆரம்பித்தால் கேட்பவனுக்குத் தண்ணீர் குடிக்கவே பயம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் குடித்தவர். பெண் பார்க்க வந்த அன்று, யாரும் கேட்காமலே அதை அவரே சொல்லிவிட்டார்; விட்டு ஒரு வருஷம் ஆகிறது என்றும் சொன்னார். உண்மை பேசுகிறவன் என்று எனக்கு அங்கேயே பிடித்துப்போனது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நான் பிடிவாதம் பிடித்ததால், வேதப் புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். "ஒரு சொட்டு நாக்குல பட்டுதுன்னு தெரிஞ்சா, அடுத்த பஸ்ஸுல என் பொண்ணைக் கூட்டிகினு போயிடுவேன்" என்றார். அந்த நாளில் என் வீட்டுக்காரரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. "இந்தாப்பா" தான்.

எங்கள் குடித்தனத்தைப் பார்க்க வந்தபோது அப்பா காலிக் கொல்லையைப் பார்த்தார். "குடிகாரன் கையில செடி நிக்காது. அறுப்பின் பண்டிகைக்கு வரேன். இதுல விளைஞ்சது ஒண்ணைப் பீடத்துல வையி, அப்ப நம்பறேன். இல்லன்னா ராணி என்கூட வந்துடட்டும்."

அறுப்பின் பண்டிகையில் அவரவர் வீட்டில் விளைந்ததைக் கோயிலில் கொண்டுபோய் வைப்போம். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் போடுவார்கள். ஓசூர்ப் பக்கத்துக் குளிருக்கு முட்டைக்கோஸ் நன்றாக வரும் என்று அவர் அதையே நட்டார். வந்தது. ஐப்பசி மழையும் வந்தது. பின்னாலேயே நத்தைகள் வந்தன.

சாம்பல் தூவினோம், மழை கழுவிக்கொண்டு போனது. உப்புப் போட்டோம், நத்தையோடு இரண்டு செடியும் கருகின. இடுக்கியால் பொறுக்கி வாளியில் போட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டினோம். மறுநாள் அதே கூட்டம்.

"இது வேறங்க" என்றேன் நான்.

"இல்ல, அதேதான். மூஞ்சியைப் பாரு."

"நத்தைக்கு ஏதுங்க மூஞ்சி?"

பந்தயம் கட்டினோம். மாட்டுப் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைப் பண்ணையில் கேட்டு வாங்கி வந்து, இருப்பதிலேயே கொழுத்த நத்தையின் முதுகில் தீட்டினார். காகிதத்தில் பொட்டலம் கட்டி, ரோட்டைத் தாண்டி, அடுத்த சோளக்காட்டின் நடுவில் விட்டுவிட்டு வந்தார். சில நாள் கழித்து ஒரு மாலை, அது ஊதா முதுகோடு எங்கள் பெரிய முட்டைக்கோஸின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? எங்க கொண்டு போய் விட்டாலும், நிதானமா வந்து ஒவ்வொண்ணா பார்வையிடுது. இது எங்க பண்ணை சூப்ரண்டேதான்."

"மெதுவாப் பேசுங்க, பண்ணைக்குக் கேக்கப் போவுது."

அன்றிலிருந்து அதன் பெயர் சூப்ரண்டு.

அடுத்த வீட்டுக் கெம்பம்மா வேலிக்கு அப்பால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அவர்கள் பேச்சில் நத்தை என்பது பசவன் புழு, நந்திக்குச் சொந்தம். அதனால் எங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். "மத்த நாள் என்னமோ பண்ணுங்க தங்கச்சி. சோமவாரம் மட்டும் பேடம்மா. வேணாம்." பசவனுக்கு உகந்த நாளாம். சரியென்று திங்கட்கிழமை நத்தைகளுக்கு லீவு விட்டோம். அன்று இரண்டு மடங்கு தின்றன.

வழி காட்டியது கெம்பம்மாவின் வீட்டுக்காரர் திம்மப்பன். அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால், அது மைசூர் ராஜ்யம், கள்ளுக்கடை திறந்திருக்கும். திம்மப்பன் போய்க் குடித்துவிட்டு, மறுநாளைக்கும் ஒரு சட்டியில் கொண்டுவருவார். கெம்பம்மா அதை வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் ஒருநாள் எங்களுக்கே தெரியாமல் எங்கள் முட்டைக்கோஸ் நடுவில் அதை ஒளித்து வைத்திருக்கிறார். விடிந்ததும் கொல்லையில் ஒரே ஒப்பாரி.

"ஐயோ, என் ஈச்சங்கள்ளு! அத்தனையும் குடிச்சிட்டு அதுக்குள்ளயே செத்துக் கெடக்குதுங்களே!"

சட்டி நிறைய நத்தை. என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அதை உற்றுப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "ராணி, எனக்குத் தெரியாதா இந்த ஜாதி? இதுங்க குடிகாரனுங்க. முட்டைக்கோஸு சும்மா தொட்டுக்கத்தான்."

முட்டைக்கோஸைக் காப்பாற்றக் கள் வேண்டும் என்று புரிந்துவிட்டது. குடிப்பதில்லை என்று நிரூபிக்கக் கள்ளுக்கடைக்குப் போக வேண்டும் என்றதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திம்மப்பன் தானே வாங்கி வருவதாகச் சொல்லிப் போனார். வந்தபோது அவர் நிறைந்திருந்தார், சட்டி காலி. ஆகவே என் வீட்டுக்காரரே சைக்கிளை எடுத்தார். "நீயும் ஏறு. நான் நாக்குல வைக்கலன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்."

பின் சீட்டில் நான். என் மடியில் பால் கேன். கடைக்காரர் இவருக்கு ஒரு குவளையும் எனக்கு ஒரு பார்வையும் நீட்டினார். இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேனை நிரப்பிக்கொண்டு திரும்பினோம். குலுக்கலில் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை பொங்கி வழிந்தது. எல்லையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னாய்யா அது, கேன்ல?"

பால் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இவருக்குப் பொய் வராது.

"கள்ளு சார்."

"கள்ளா! யாருக்கு?"

"நத்தைக்கு சார்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "போய்யா, போ! பால்காரனுக்கு லொள்ளப் பாரு!" என்று எங்களை விட்டுவிட்டார்.

கொட்டாங்குச்சிகளை மண்ணில் விளிம்புவரை புதைத்துக் கள் ஊற்றி வைத்தோம். விடியற்காலையில் ஒவ்வொன்றையும் பார்த்து, தீபாவளிக்குப் பலகாரத் தட்டைத் திறக்கிற குழந்தைகளைப் போலக் கூச்சலிட்டோம். எல்லாம் விழுந்தன, சூப்ரண்டைத் தவிர. அது விளிம்பில் படுத்து, கொஞ்சமாகக் குடித்துவிட்டு, நிதானமாக வீட்டுக்குப் போய்விடும். "அளவு தெரிஞ்சவன்" என்பார் இவர், பொறாமையோடு.

பெரிய முட்டைக்கோஸ் தேறிவிட்டது. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, சாயங்கால பஸ்ஸில் வருவதாக இருந்த அப்பா மதியமே வந்து நின்றார். இவர் கொல்லையில் குந்தியிருந்தார். கள் புளித்துப்போய்விட்டதா என்று பார்க்க, கொட்டாங்குச்சியை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். பக்கத்தில் கேன். வீடு முழுக்க அந்த வாசனை.

அப்பா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ராணி. பொட்டியைக் கட்டு."

"மாமா, இது எனக்கில்ல" என்று எழுந்தார் இவர்.

"பின்ன யாருக்கு?"

"நத்தைக்கு மாமா. ஓடு இல்லாத நத்தை. கள்ளுன்னா வரும்."

"ஓடு இல்லாத நத்தை" என்றார் அப்பா. கல்லாவியில் அப்படி ஒன்று கிடையாது. "இன்னும் கொஞ்சம் குடிச்சிருந்தா றெக்கை வச்ச நத்தையும் வந்திருக்கும், இல்லப்பா?"

"அப்பா, நான் சாட்சி" என்றேன். "நானும் அத்திப்பள்ளிக்குப் போனேன். கேனை மடியில வச்சிகினு வந்ததே நான்தான்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "உன்னையும் கடைக்குக் கூட்டிகினு போயிருக்கானா!" காட்டலாம் என்றால் பகலில் ஒரு நத்தை வெளியே வரவேண்டுமே. கொட்டாங்குச்சிகளையும் அப்போதுதான் கழுவியிருந்தோம். இவர் ஒவ்வொரு இலையாகத் தூக்கி, "சூப்ரண்டு, சூப்ரண்டு" என்று தேட, அப்பா என்னைப் பார்த்து, "பேரைச் சொல்லி வேற கூப்பிடறான்" என்றார். கோபத்தில் திரும்பியவர் கேனை உதைத்தார். அது நேராக அவருடைய பையின்மேல் கவிழ்ந்தது. உள்ளே கோயிலுக்கென்று மடித்து வைத்த வேட்டியும் ஜிப்பாவும்.

துவைத்தேன். மழையில் எதுவும் காயவில்லை. கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத் தேய்த்து ஈரத்தை எடுத்தேன். ஈரம் போனது, சூட்டில் வாசனை மட்டும் வீடு கொள்ளாமல் கிளம்பியது. வழியில் கட்டியிருந்த உடுப்பெல்லாம் சேறு. வேறு வழியில்லாமல் அப்பா அதையே உடுத்தினார். "ஆராதனை முடிஞ்சதும் பஸ்ஸு" என்றார். என் பெட்டி வாசற்படியில் இருந்தது. இவர் முட்டைக்கோஸை எடுக்கப் போனபோது அப்பா தடுத்தார். "கள்ளுக் கையால வேணாம். நானே கொண்டு போறேன்."

கோயிலில் ஆண்கள் பக்கம் அப்பா உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் நகர்ந்தார். அதற்கடுத்தவரும் நகர்ந்தார். பாட்டு முடிவதற்குள் அந்த பெஞ்சில் அப்பா மட்டும் இருந்தார். எனக்குப் பின்னால் ஒரு கிசுகிசு: "கல்லாவி உபதேசியாராம்மா அது? ஐயோ பாவம், எவ்ளோ பேசுவாரு!" அழுதழுது வீங்கிய கண்ணோடு இருந்த எனக்கு, அங்கேதான் வயிற்றுக்குள் சிரிப்பு புரள ஆரம்பித்தது.

காணிக்கை நேரத்தில் அப்பா முட்டைக்கோஸை ஏந்திக்கொண்டு முன்னால் போனார். வாங்கக் கை நீட்டிய போதகர் மூக்கைச் சுருக்கினார்.

"உபதேசியாரே, சுகந்தானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சுகந்தான் ஐயா."

"வழியில யாராவது கட்டாயப்படுத்தி..."

அப்பாவின் முகம் சிவந்தது. "ஐயா, நான் குடிக்கல. இது... இது நத்தைக்கு வாங்கினது."

"நத்தைக்கு" என்றார் போதகர், நோயாளியிடம் பேசுகிற குரலில்.

"ஓடு இல்லாத நத்தை ஐயா. கள்ளுன்னா வருமாம்."

சொல்லி முடித்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி இருந்தது. திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தார். இவர் தலையைக் குனிந்திருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து முட்டைக்கோஸின் இலை மடிப்பிலிருந்து இரண்டு கொம்பு நீண்டன. பிறகு தலை. பிறகு ஊதா முதுகு. சூப்ரண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, வாசனை வந்த பக்கமாகத் திரும்பி, நிதானமாக என் அப்பாவின் ஜிப்பாக் கையில் ஏறியது.

போதகர் ஓரடி பின்னால் போனார். அப்பாவோ, கையை உயரத் தூக்கி, சபை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "இதுதான் ஐயா! இதுதான்! ஓடு இல்ல பாருங்க! நான் சொன்னேன் இல்ல?"

கோயிலில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. போதகர் சட்டென்று ஸ்தோத்திரப் பாட்டுக்கு எண் சொன்னார். யாராலும் இரண்டு வரிக்குமேல் பாட முடியவில்லை. இவர் பெஞ்சுக்கு அடியிலேயே போய்விட்டார்.

சூப்ரண்டை ஒரு முட்டைக்கோஸ் இலையில் வைத்து, வீடுவரை அப்பாவேதான் தூக்கிவந்தார். கொல்லையில் இறக்கிவிட்டு, பார்க்காமலே கேட்டார்.

"நேத்து நீ சொன்னப்ப, என் மூஞ்சியும் அந்தப் போதகரு மூஞ்சி மாதிரிதான் இருந்துதா?"

"இன்னும் கொஞ்சம் மோசம், மாமா."

அப்பா வாசலுக்குப் போனார். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். "பிரி" என்றார் என்னிடம்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். கண்டக்டர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, "பெருசு, அத்திப்பள்ளி போய் வந்தியா? வாந்தி எடுத்தா எறக்கி விட்டுடுவேன்" என்றார். அப்பா விறைத்து நின்று, "நத்தைக்கு வாங்கினதுப்பா" என்றார். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நிற்க முடியவில்லை அவருக்கு. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனபின் ஜன்னலில் அப்பாவின் தலை நீண்டது.

"மாப்ளே! அந்த ஊதாவை ஒண்ணும் பண்ணிடாதே!"

இவர் கையை ஆட்டினார். பஸ் திரும்பி மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டேயிருந்தார்.

நாங்கள் ஒன்றும் பண்ணவில்லை. அந்த வாரத்துக்குள் சூப்ரண்டு மிச்சமிருந்த முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் தின்று முடித்தது.