பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே

டைம் கீப்பர் வீட்டில் ஏறக்குறைய இருபது வருடங்களாக மதியம் ஒரு மணி ஆகவில்லை. தெருவின் மற்ற வீடுகளில் தினமும் ஆனது. அங்கெல்லாம் சாப்பிட்டார்கள், கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள், பொழுது சாய்ந்ததும் விளக்குப் போட்டார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் சமையலறை ஜன்னல் வழியாக வந்த நடுப்பகல் வெயில் ஒரு சதுரமாகத் தரையில் விழுந்து அப்படியே கிடந்தது. ராத்திரி வாசல் கதவைத் திறந்தால் அந்த வெளிச்சம் தெருவில் கொட்டும், அதில் நாய்கள் வந்து படுத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் காரணம் ஒரு வாஷிங் மெஷின் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அது எப்படிக் காரணமாயிற்று என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதனால் முதலிலிருந்து சொல்வதே நல்லது.

அது முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின். இந்த வகை மெஷினில் தண்ணீர் நிரம்பியதும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், இல்லையென்றால் சமையலறை குளமாகிவிடும். துவைத்து முடித்ததும் அடியில் இருக்கும் சின்ன பம்ப் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். தண்ணீர் முழுவதும் போய்விட்டது என்று மெஷினுக்கு உறுதியானால்தான் பூட்டு விடும். அன்றைக்குப் பம்ப் அடைத்துக்கொண்டது. தண்ணீர் போகவில்லை, அதனால் கதவு திறக்கவில்லை, அதனால் வீட்டிலிருந்த நல்ல துணியில் பாதி கண்ணாடிக்குப் பின்னால் சோப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மெஷின் தன் பக்க நியாயப்படி சரியாகவே நடந்துகொண்டது. தப்பெல்லாம் அதற்குப் பிறகு மனிதர்கள் செய்தது.

வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதி அனுப்புவது அவர் வேலை. பத்து மணி என்றால் பத்து மணி என்று நம்பி வாழ்கிறவர். அவர் கம்பெனிக்கு ஃபோன் செய்து, இடையில் போட்ட பாட்டையெல்லாம் கேட்டு முடித்தபின், நாளை பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் டெக்னீஷியன் வருவார், வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று ஒரு பெண் சொன்னாள். அவர் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டரை மணி வாக்கில், தீப்பெட்டி வாங்கத் தெருமுனை வரைக்கும் போனார். கையிலிருந்த ஃபோன் அரை தடவை அடித்து நின்றது. எங்கள் ஊழியர் வந்தார், வீடு பூட்டியிருந்தது என்று செய்தி வந்தது. கையில் தீப்பெட்டியோடு அவர் திரும்பி வந்து ஃபோனில் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் பயந்து போய், "நாளைக்குக் கண்டிப்பா ஒரு மணிக்குள்ள வந்துடுவார் ஸார், நான் கேரண்டி" என்று சொல்லிவிட்டாள். "அவன் வர்ற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கப் போறதில்ல" என்று இவரும் சொல்லிவிட்டார்.

இப்படி இரண்டு பேரும் வாக்குக் கொடுத்தாயிற்று. கம்பெனியின் வாக்குப்படி ஒரு மணிக்கு முன்னால் ஆள் வந்தாக வேண்டும். ஆள் வரவில்லை. வாக்கும் பொய்யாகக் கூடாது, ஆளும் வரப்போவதில்லை என்றால், மீதி இருப்பது ஒரு மணிதான், அதுதான் வராமல் இருக்க வேண்டும். மறுநாள் கடிகார முள் வழக்கம்போல ஓடிவந்து, ஒரு மணியை நெருங்க நெருங்க, நெரிசலில் மாட்டிய பஸ்ஸைப் போல ஊர்ந்து, கடைசியில் அசைகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வந்து நின்றது.

அன்று சாயங்காலம் இருட்டியபின் வேலையிலிருந்து திரும்பிய அவர் மனைவி, கதவைத் திறந்ததும் வெயிலில் கண் கூசி நின்றாள். அவள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் கவுன்ட்டர் கிளார்க். கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க, இன்னுமா வரல?" என்று கேட்டாள். "ஒரு மணி ஆகலையே, வருவான்" என்றார். அவருக்குப் பசிக்கவில்லை, ஏனென்றால் சாப்பாட்டு வேளை வரவில்லை. தூக்கமும் வரவில்லை. அவளுக்கு இரண்டும் வந்தது. ஆனால் அவ்வளவு வெயிலில் எப்படித் தூங்குவது? எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு மாடியில் குடியிருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். ஒரு ராத்திரிக்குத்தான் என்று போனவள், அங்கேயே இருந்துவிட்டாள்.

கம்பெனிக்கு ஃபோன் செய்யாமல் இல்லை. முதல் மாதம் முடிந்ததும் அவளே கீழே வந்து வீட்டிலிருந்து பேசினாள். எதிர்முனையில் இருந்த பையன் பொறுமையானவன்.

"மேடம், குறிச்ச நேரம் தாண்டினாத்தான் நான் கம்ப்ளெயின்ட் எடுக்க முடியும். உங்க வீட்ல இப்ப மணி என்ன?"

அவள் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணாகப் போகுது."

"பாருங்க, இன்னும் நேரம் இருக்கு. வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

கவுன்ட்டரில் உட்கார்ந்து அதே குரலில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவள் அவள். அந்தக் குரலோடு மோதிப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? ஃபோனை வைத்துவிட்டாள். டிப்போவிலும் பிரச்சினை வரவில்லை. இரண்டாம் தடவை அவர் எழுதிக் கொடுத்தது ஒரு நாள் லீவு, அந்த நாள் இன்னும் முடியவில்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

வருடங்கள் போயின. தெரு பழகிக்கொண்டது, பழகியதோடு பயன்படுத்திக்கொள்ளவும் தொடங்கியது. அந்த வீட்டில் காலையில் வைத்த பால் காலைப் பாலாகவே இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாத்திரங்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். பூக்கடைக்காரி விற்காத பூவைக் கூடத்து மூலையில் கொட்டினாள். தலைமுடி கொட்டிக்கொண்டிருந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், அங்கே இருக்கும் நேரத்தில் ஒரு முடிகூட விழுவதில்லை என்று கண்டுபிடித்து, ஓய்வு நேரத்தையெல்லாம் அங்கேயே கழித்தார். இத்தனை பேர் வந்து போகும்போதும் டைம் கீப்பரின் கண் வாசலை விட்டு நகரவில்லை. காத்திருப்பவருக்கு வருடம் தெரிவதில்லை, 'இதோ வந்துவிடுவான்' என்ற அந்த ஒரு நிமிடம்தான் தெரியும். அவர் அதற்குள்ளேயே குடியிருந்தார்.

"போதுங்க, எழுந்து வந்துடுங்க. மெஷினும் வேண்டாம், துணியும் வேண்டாம்" என்று மனைவி எத்தனையோ தடவை மன்றாடினாள். "இவ்வளவு நேரம் உக்காந்துட்டேன். இப்ப எழுந்தா சரியா இப்பதான் வருவான்" என்பார். இதற்கு அவளால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. யாராலும் முடியாது, ஏனென்றால் அது உண்மை.

அவளை அரித்த கவலை வேறு. அவர் நாற்பது வயதில் உட்கார்ந்தவர், நாற்பதிலேயே இருந்தார். அவரைவிட நான்கு வயது சின்னவளாகக் கல்யாணமாகி வந்தவள், ஒரு வருடம் அவர் வயதைத் தொட்டாள், பிறகு தாண்டினாள். முதலில் தலைக்குச் சாயம் பூசினாள், பிறகு அதையும் விட்டாள். வாசலைப் பார்க்கும் மும்முரத்தில் அவர் தன்னைச் சரியாகப் பார்ப்பதில்லை என்பது அவளுக்கு முதலில் கோபமாகவும், பின்னாளில் ஆறுதலாகவும் இருந்தது. என்றைக்காவது ஒரு மணி ஆகும், அப்போது அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்பதை நினைத்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். அவர் வெளியே வர வேண்டும், ஆனால் தாமதமாக வந்துவிடக் கூடாது. அவளுக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான், அதற்கும் நாள் கடந்துகொண்டே இருந்தது.

மகள் அந்த வெயிலில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள், அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தாள். பன்னிரண்டு வயதில் தரையில் காதை வைத்துக் கேட்டு, பம்புக்குள் ஒரு சட்டைப் பொத்தான் மாட்டியிருக்கிறது என்று சொன்னாள். "நான் எடுத்துடட்டுமாப்பா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம்மா, நாம கை வெச்சா வாரண்டி போயிடும்" என்றார். வாரண்டி ஒரு வருடம்தான், ஆனால் அந்த வீட்டுக் கணக்கில் அது இன்னும் முடியவில்லை. தவிர, அவள் சரிசெய்தாலும் மெஷின்தான் ஓடும், கடிகாரம் ஓடாது. வர வேண்டியது கம்பெனி ஆள். ஆகவே படிப்பு முடிந்ததும் அவள் அந்தக் கம்பெனியிலேயே டெக்னீஷியனாகச் சேர்ந்தாள்.

உள்ளே போனபிறகுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. கம்பெனியில் யாரும் அப்பாவை மறக்கவில்லை. அங்கே வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறை இதுதான்: எந்தப் புகாருக்கு நேரம் தாண்டிவிட்டதோ, அதற்கு முதலில் ஆளை அனுப்புவார்கள். ஆளைவிடப் புகார் அதிகம் என்பதால் நேரம் தாண்டியவை எப்போதும் குவிந்து கிடக்கும். அப்பாவின் புகாருக்கு நேரம் தாண்டவே இல்லை, அதனால் அதன் முறை வரவே இல்லை. முறையை மாற்றச் சொன்னதற்கு, முறை நன்றாகத்தானே இருக்கிறது என்றார் சூப்பர்வைசர். அப்படியென்றால் ஒரு வழிதான் இருந்தது. ஊரில் நேரம் தாண்டிய ஒரு புகார்கூட இல்லாமல் செய்ய வேண்டும்.

அவள் அதைச் செய்தாள். தெருமுனையில் நின்று அரை தடவை ஃபோன் அடித்துவிட்டுப் போவது எப்படி என்று கம்பெனி பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறினாள். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஏசி எல்லாவற்றையும் பார்த்தாள். வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், சிலர் அழுதார்கள், ஒருவர் அவளை உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். அவளுக்கு இருபத்தெட்டு வயதானபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஊரில் நேரம் தாண்டிய புகார் எதுவும் இல்லாமல் போயிற்று. அடுத்த வேலையாக அவள் ஃபோனில் வந்து விழுந்தது தன் வீட்டு முகவரி.

அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அம்மா அரை நாள் லீவு போட்டு, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, சுவரோரமாக நின்றாள். அழைப்பு மணி அடித்தது. டைம் கீப்பர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். யூனிஃபார்மையும் தோளில் தொங்கிய கருவிப் பையையும் பார்த்தார்.

"வாங்க. இப்பதான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"ஸார், மெஷின் எங்க இருக்கு?"

"எங்க இருக்கா? சமையலறையில இருக்குன்னு ஃபோன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, யாரும் காதுல வாங்க மாட்டீங்களா? மனுஷனுக்கு வேற வேலையே இல்லன்னு நினைச்சுட்டீங்களா?"

"ஐயோ, கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று மனைவி குறுக்கே வந்தாள். "பெத்த பொண்ணுங்க அது."

"வீட்டுக்குள்ள வந்தாத்தான் பொண்ணு. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னா கம்பெனி ஆளு. நான் கம்பெனிகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

"விடும்மா, பேசட்டும்" என்றாள் மகள். "தினம் இதுதான் கேக்குறேன். இவராவது வாங்க போங்கன்னு மரியாதையா திட்டுறார்." பிறகு அப்பாவிடம் திரும்பி, "ஸார், குறிச்ச நேரத்துக்குள்ளதானே வந்திருக்கேன்?" என்றாள்.

டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க நேரம் பார்த்தே பிழைத்தவர். வழிவிட்டார்.

அவள் மெஷினின் அடியிலிருந்த சின்ன மூடியைத் திருகித் திறந்தாள். தட்டில் தண்ணீரைப் பிடித்து ஊற்றினாள். விரலை விட்டுத் துழாவி ஒரு நீலப் பொத்தானை எடுத்துக் காட்டினாள். பம்ப் முனகியது, தண்ணீர் போயிற்று, கதவு 'டக்' என்றது. கடிகாரத்தில் ஒரு மணி ஆயிற்று. கூடத்தில் வரிசையாக இருந்த பால் அத்தனையும் ஒரே நேரத்தில் திரிந்தது, மூலையிலிருந்த பூக்குவியல் வாடிச் சுருங்கியது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, கையை யாருக்கும் காட்டாமல் வெளியேறினார்.

டைம் கீப்பருக்குப் பயங்கரமாகப் பசித்தது. மகள் அடுத்த புகாருக்குக் கிளம்பிவிட, மனைவி தட்டுப் போட்டாள். பரிமாறக் குனிந்தபோது, அவர் முகம் வாசலிலிருந்து திரும்பி அவளிடம் வந்து நின்றதை உணர்ந்தாள். நரையைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார், கரண்டி பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"நீ ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள். "உங்களுக்காவது உட்கார நாற்காலி இருந்துச்சு."

அவர் எழுந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். அவர் இன்னொரு தட்டு எடுத்து வைத்து, முதலில் அவளுக்குப் போட்டார்.

மறுநாள் அவர் டிப்போவுக்குப் போனார். அவர் லீவு முடிந்து வந்ததாக மேனேஜர் குறித்துக்கொண்டார். தெருவுக்கும் ஒரு வாரத்தில் எல்லாம் சாதாரணமாகிவிட்டது, பாலை மட்டும் காய்ச்ச வேண்டியிருந்தது. சாயங்காலங்களில் இருவரும் காய் வாங்கப் போவார்கள், அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி ஒரு நாள், "உங்க பையனாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல, வீட்டுக்காரர். வாஷிங் மெஷினுக்கு ஆள் வர்றதுக்காக உக்காந்திருந்தார்."

"ஓ" என்றாள் அந்தப் பெண், கத்திரிக்காயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "எங்க மாமனார் ஃப்ரிட்ஜுக்காக உக்காந்திருக்கார். என் வீட்டுக்காரருக்கு இப்ப அவரைவிட ரெண்டு வயசு அதிகம்."