நாலு மந்திரிகளும் ஒரு தலைச்சாயமும்

நாற்பத்திரண்டு வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்த பார்லர்க்காரிக்கு முதல் பருவத்திலேயே மானம் கப்பலேறியது. பழைய சோக நாடகம் ஒன்றைப் படித்துவிட்டு, மனதில் பட்டதை ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார் விரிவுரையாளர். அவள் நோட்ஸைப் பார்த்து அட்சரம் பிசகாமல் எழுதிக் கொடுத்தாள். அவளைவிடப் பத்து வயது சின்னவரான அவர், வகுப்பே கேட்கும்படி சொன்னார்: "நோட்ஸ் என்ன நினைக்குதுன்னு எனக்குத் தெரியும்மா. நீங்க என்ன நினைக்கறீங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லேன்னா பரீட்சை எழுத விடமாட்டேன்."

அவள் என்ன நினைக்கிறாள்? பதினெட்டு வருடத் தொழிலில் யாரும் அவளைக் கேட்காத கேள்வி அது. நாற்காலியில் உட்கார்ந்தவர் வெயிலைத் திட்டினால், "ஆமாங்க்கா, என்னா வெயில்!" அடுத்தவர் வெயில் நல்லது என்றால், "ஆமாங்க்கா, உடம்புக்கு ரொம்ப நல்லது." கத்தரிக்கோல் ஓடும்போது வந்தவர் தலையை ஆட்டக் கூடாது அல்லவா? அதனால் ஆட்டும் பொறுப்பை மொத்தமாக இவளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

சொந்தமாக யோசிக்க வராததால், ஓசியில் யோசனை வாங்கப் பார்த்தாள். தலைக்கு டை போட்டுக்கொண்டவர் அரைமணி நேரம் எங்கும் ஓட முடியாது. அந்த அரைமணியில் நாடகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

கதை இதுதான். போர் முடியும்வரை கோட்டைக் கதவைத் திறப்பவருக்கு மரணம் என்று ராஜா சட்டம் போடுகிறார். வெளியே அடிபட்டு முனகும் ஒரு சிப்பாய்க்காக, ராஜாவின் ஒரே மகள் கதவைத் திறந்துவிடுகிறாள்.

"பெத்த பொண்ணு! ராஜா பாவம்," என்றார் புதன்கிழமை வந்த வங்கிக் காசாளர்.

"ஆமாங்க்கா, பாவம்தான்," என்று அதைத் தாளில் குறித்துக்கொண்டாள்.

"மக கிட்ட போய் சட்டம் பேசறவன் மனுஷனா?" என்றார் வியாழன் காலை வந்த தையல்காரி.

"ஆமாங்க்கா, மனுஷனே இல்ல." அதையும் குறித்தாள். மதியம் தாளை எடுத்துப் பார்த்தபோது அவளுக்கே தலை சுற்றியது.

அன்று சாயங்காலம் டை போட வந்த மாடியக்கா பங்குக்குக் கடைசி அங்கம் வந்தது. கட்டடத்தின் சொந்தக்காரி, மேல் மாடியில் குடியிருப்பவர். அவர் சொல்லுக்கு அந்தத் தெருவில் மறுபேச்சு கிடையாது.

"கதவைத் திறந்தது நீ இல்லை என்று சொல் மகளே," என்கிறார் ராஜா சபையில். பார்த்த சாட்சி யாருமில்லை. மகளோ, "நான்தான் திறந்தேன்," என்கிறாள். ராஜா தடுமாறி, நாலு மந்திரிகளின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அவர்கள் முதல் அங்கத்திலிருந்து சொல்லிவந்ததையே சொல்கிறார்கள்: "தாங்கள் சொன்னதே சரி, அரசே."

மகளைக் கொண்டுபோகிறார்கள். பார்லர்க்காரி புத்தகத்தை மூடினாள்.

"கொழுப்பு," என்றார் மாடியக்கா. "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொழைச்சிருப்பா. தப்பு மொத்தமும் அந்தப் பொண்ணு மேலதான்."

வாய் வழக்கம்போல் "ஆமாங்க்கா" சொல்லத்தான் திறந்தது. வந்தது வேறு. "இல்லக்கா."

"என்னது?"

"அவ மேல தப்பில்லக்கா. இந்த நாலு பேர்தான் கொன்னாங்க. வேணாம் அரசேன்னு ஒருத்தன் சொல்லியிருந்தாக்கூட அவர் விட்டிருப்பார். அதுக்குத்தானே மூஞ்சி மூஞ்சியா பார்க்கறார்! தலையாட்டித் தலையாட்டியே கொன்னுட்டாங்க, பாவிங்க!"

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கூடவே வெட்கமும். அந்த நாலு பேர் பார்த்த உத்தியோகத்தைத்தானே அவளும் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறாள்.

மாடியக்கா கண்ணாடி வழியே அவளை வெறித்துப் பார்த்தார். அவருக்கு வேறொரு சந்தேகம் முளைத்துவிட்டது.

"அப்போ பத்து வருஷமா இந்தச் செம்பழுப்பு எனக்கு எடுப்பா இருக்குன்னு சொல்றியே, அது?"

மாடியக்கா ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே கடையைக் காலிசெய்ய வேண்டியதுதான். ஒரே ஒரு "ஆமாங்க்கா" போதும், பிழைத்துக்கொள்ளலாம்.

"நல்லா இல்லக்கா," என்றாள். "முதல் நாள்லேர்ந்தே நல்லா இல்ல."

"அடிப்பாவி! இந்தத் தலையோட எத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கேன்!" என்று அலறினார் மாடியக்கா. "கழுவுடி முதல்ல!"

பார்லர்க்காரி கழுவிவிட்டாள். துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்றார். "எந்தக் கலர் நிஜமா நல்லா இருக்கும்னு யோசிச்சு வை. எங்க வீட்டுக்காரரும் பத்து வருஷமா எடுப்பா இருக்குன்னுதான் சொல்றார். முதல்ல அவரைக் கவனிச்சுட்டு வரேன்."

படியேறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மேலே ஐந்தாவது மந்திரியின் விசாரணை தொடங்கியது. "இல்லம்மா... ஆமாம்மா..." என்று ஓர் ஆண்குரல் ஈனஸ்வரத்தில் இழுத்தது.

பார்லர்க்காரி குறித்துவைத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். விரிவுரையாளர் கேட்டிருந்தது ஒரு பக்கம். மூன்றாவது பக்கம் முடிந்தும் அவளுக்கு நிறுத்த மனம் வரவில்லை.