ஆளில்லாத அறை

"ஒரு சின்ன மாற்றம்தாங்க" என்று சொல்லாமல் அந்த மனிதர் எங்கள் அலுவலகத்துக்குள் காலடி வைத்ததே இல்லை. அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே சின்ன மாற்றம். ஊருக்கு வெளியே இருந்த பெரிய குளிர்கிடங்கின் நிர்வாகி அவர். கிடங்கின் கதவுகளையும் எச்சரிக்கை மணிகளையும் இயக்கும் மென்பொருளை எங்கள் குழு எழுதிக்கொண்டிருந்தது. நான் அதில் டெஸ்டர். அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் அதையே சும்மா செய்கிறாள் என்று என் தம்பி கேலி செய்வான்.

தம்பிக்கு அந்தக் கிடங்கில்தான் வேலை. குளிர் அறைகளில் மீன் பெட்டி அடுக்குவான். வெகுகாலம் வேலை இல்லாமல், என் முகத்தைப் பார்க்கவே கூசிக்கொண்டு வீட்டில் கிடந்தவன். இந்த வேலை கிடைத்த பிறகுதான் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான். கம்பெனி கொடுத்த தடித்த கோட்டின் பை கிழிந்து வந்தபோது, கையில் கிடைத்த சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தேன். "நீலக் கோட்டுக்குச் சிவப்புத் தையலா? உன்னை யாரு தையல்காரியா சேர்த்துக்குவா?" என்று சிரித்தபடியே மாட்டிக்கொண்டு போனான்.

அந்த அறைகளைக் குளிர்விக்கும் வாயு கசிந்தால் கண் எரியும், மூச்சு முட்டும். அதிகமானால் ஆள் பிழைக்க முடியாது. அதனால் முதலில் பேசிய விதி எளிமையானது. கசிவு என்று சென்சார் சொன்ன உடனே எல்லா அறைக் கதவுகளும் தானாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு கைப்பிடி இருந்தது, ஆனால் அதில் பனி இறுகிக் கிடக்கும். அதை அசைக்கப் பயில்வான்தான் வர வேண்டும் என்பான் தம்பி.

பிறகு மாற்றங்கள் வந்தன. குளிர் வீணாகிறது, கதவு தானாகவே பூட்டிக்கொள்ளட்டும் என்றார் சின்ன மாற்றம். நியாயம்தான். சரக்கு திருடு போகிறது, வேலை முடிந்து கிளம்புவதாக அடையாள அட்டையைத் தேய்த்தவரின் அட்டை அதன்பின் எந்தக் கதவையும் திறக்கக் கூடாது என்றார். அதுவும் நியாயம்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பச்சைக் குழந்தை மாதிரி இருக்கும். எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று முதலிலிருந்து சோதித்துப் பார்க்கத்தான் யாரும் எனக்கு நேரம் தரவில்லை.

கடைசி மாற்றத்தோடு அவர் வந்த அன்று முகமெல்லாம் கடுகடுவென்று இருந்தது.

"ஒரு சின்ன மாற்றம்தாங்க. போன வாரம் சென்சார் சும்மாவே அலறி, எல்லாக் கதவும் திறந்துக்கிச்சு. சரக்கு பூரா இளகி நாசமாப் போச்சு. ஆள் இருக்கிற ரூம் மட்டும் திறந்தா போதுமே. ஆளில்லாத ரூமை எதுக்குத் திறக்கணும்?"

"உள்ள ஆள் இருக்காங்கன்னு மென்பொருளுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"அட்டைதான் இருக்கே. வரும்போது தேய்க்கிறாங்க, போகும்போது தேய்க்கிறாங்க. போறேன்னு தேய்ச்சிட்டா ஆளில்ல. அவ்வளவுதான்."

எங்கள் குழுவின் லீடர் தலையாட்டினார். "லாஜிக் சரியாத்தான் இருக்கு."

நான் தலையாட்டவில்லை. ஏனென்றால் அந்தக் கிடங்கில் அட்டை தேய்த்தவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. தம்பி சாப்பிட்டுக்கொண்டே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறான். கூடுதல் நேரம் கணக்கில் ஏறினால் சூப்பர்வைசருக்கு மேலிடத்தில் திட்டு விழும். சரக்கு மிச்சம் இருந்தாலும் அவருக்குத் திட்டு. ஆகவே சாயங்காலம் எல்லோரும் வரிசையில் நின்று நல்ல பிள்ளைகளாக அட்டை தேய்ப்பார்கள். பிறகு சூப்பர்வைசர் தன் அட்டையால் கதவைத் திறந்து அவர்களை மறுபடி உள்ளே விடுவார். வேலை முடிந்ததும் இவர்கள் கதவைத் தட்ட, அவர் வந்து திறப்பார். அங்கே வேலை அப்படித்தான் நடந்தது. எந்தக் கூட்டத்திலும் யாரும் அதைச் சொன்னதில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் பயந்ததென்னவோ வாயுவுக்கு அல்ல.

"அக்கா, தயவுசெஞ்சு வாயத் திறந்துடாத. இது வெளிய தெரிஞ்சா எங்களைத்தான் துரத்துவாங்க."

"உள்ள மாட்டிக்கிட்டா செத்துப் போயிடுவடா!"

"கசியும்போது பாத்துக்கலாம். வேலை போச்சுன்னா நான் இப்பவே செத்தேன். நீ வேற ஏதாச்சும் காரணம் சொல்லேன். படிச்சவங்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?"

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றம் கேட்பவரும் காரணம் சொல்ல வேண்டும், மறுப்பவரும் காரணம் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது என்பது காரணம் ஆகாது. நான் தம்பியைக் காட்டிக்கொடுக்காமலே காரணம் தேடினேன். அட்டை தேய்க்கும் இயந்திரம் கெட்டுப்போனால்? இன்னொன்று இருக்கிறது என்றார் சின்ன மாற்றம். போனவர் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்தால்? அட்டை வேலை செய்யாதே, எப்படி வருவார் என்று சிரித்தார். லீடர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மாற்றம் ஏற்கப்பட்டது.

புரோகிராமர் அதை எழுதி முடித்ததும் சோதனைக்கு என்னிடம் வந்தது. திரையில் ஓர் ஆளை அறைக்குள் வைத்தேன். அட்டை தேய்த்துவிட்டார் என்று பதிந்தேன். வாயுவைக் கசியவிட்டேன். மணி அடித்தது. "ஆளில்லை. கதவு பூட்டியிருக்கிறது" என்று திரை சொன்னது. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. கேட்டபடியே வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்த டிக்கைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் போட்டு உடைத்தேன்.

"அங்க ஆளுங்க இருக்காங்க சார். அட்டை தேய்ச்சிட்டு மறுபடி உள்ள போறாங்க. உங்க சூப்பர்வைசர்தான் கதவைத் திறந்து விடுறார். என் தம்பியும் அதுல ஒருத்தன்."

சின்ன மாற்றம் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. ரொம்ப நன்றி" என்றார். அந்த மனிதரைக் கேலி செய்ததற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். கூட்டம் முடிந்ததும், எல்லாக் கதவும் திறக்கும் பழைய விதியையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நானே ஒரு மாற்றக் கோரிக்கை எழுதி அனுப்பினேன்.

இரண்டொரு நாளில் தம்பி பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தான். கையில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். அவனை மட்டுமல்ல, கூட வேலை பார்த்த அத்தனை பேரையும். சூப்பர்வைசர் மட்டும் இனி இப்படி நடக்காது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

"சந்தோஷமாக்கா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

என் கோரிக்கைக்கும் பதில் வந்தது. "மென்பொருளில் மாற்றம் தேவையில்லை. தவறு செய்த ஆட்களை மாற்றிவிட்டோம்."

லீடரின் மேஜைக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"புது ஆளுங்களும் இதையேதான் செய்வாங்க. சூப்பர்வைசர் அதே ஆள்தானே? அடுக்க வேண்டிய பெட்டியும் அதேதானே?"

"தேவையில்லன்னு அவங்களே எழுத்துல கொடுத்துட்டாங்க. இனிமே நம்ம கை சுத்தம்மா."

சோதனை முடிந்தது என்று ஒப்புதல் தர மாட்டேன் என்றேன். அதனால் என்ன, பக்கத்துக் குழுவின் டெஸ்டர் தந்துவிட்டார். நான் இல்லாமலும் உலகம் சுற்றும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆத்திரம் தீரக் கழிவறையில் நின்று அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வீட்டிலோ, நான் சாப்பாட்டு மேஜைக்கு வந்தால் தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். உயிரோடுதானே இருக்கிறான், வெறுத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

குளிர்காலம் வருவதற்குள் வாயு கசிந்தது. இந்த முறை சென்சார் பொய் சொல்லவில்லை. சாயங்கால வரிசை அட்டை தேய்த்து முடித்த பிறகு நடந்தது. சூப்பர்வைசர் மணிச் சத்தம் கேட்டுத் தன் அட்டையோடு வெளியே ஓடிவிட்டார். உள்ளே புது ஆட்களில் ஒருவர் இருந்தார்.

மென்பொருள் சரியாக வேலை செய்ததா என்று பார்க்க லீடரையும் என்னையும் மறுநாள் அங்கே அழைத்தார்கள். பதிவைத் திறந்து பார்த்தோம். "ஆளில்லை. கதவு பூட்டியிருக்கிறது." சரியாகத்தான் வேலை செய்திருந்தது. திரும்பி வரும்போது, அந்த அறை வாசலில் ஒரு தள்ளுவண்டி மேல் நீலக் கோட்டு ஒன்று கிடந்தது. கைப்பிடியோடு போராடியதில் அதன் கைகள் இரண்டும் நைந்து போயிருந்தன. பை மட்டும் கிழியவில்லை. அதில் சிவப்புத் தையல் இருந்தது. அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்தேன்.

கிடங்கு வாசலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். யார் என்று காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சின்ன மாற்றம் எங்களைக் கார் வரை வழியனுப்ப வந்தார். கண் சிவந்திருந்தது. "பழைய மாதிரியே எல்லாக் கதவும் திறக்கட்டும்" என்று முணுமுணுத்தார். அந்த ஒரு முறைதான் சின்ன மாற்றம் என்று சொல்லவில்லை. அதைச் செய்து முடிக்க எங்கள் புரோகிராமருக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. காரணம் என்ன என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அறையிலிருந்து வந்து எனக்கு எதிரே நின்றான்.

"என் கோட்டா?"

தலையாட்டினேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்த ஆளுக்கு வீட்ல யாரு இருக்காங்க?"

"ஒரு அக்கா" என்றேன்.