கட்டையனின் எடை

நான் வேலை பார்க்கிற கிடங்கின் எடைமேடையில் என் நாயை ஏற்றினேன். முப்பத்தொன்றரைக் கிலோ.

"என்ன தங்கச்சி, கட்டையனை சாக்குல கட்டி லாரில ஏத்திடலாமா?" என்றார் எடை போடுகிற அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பதுக்குக் கீழே இறங்காவிட்டால் இதயம் நின்றுவிடும், காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை, அதற்குமேல் ஒரு பருக்கை கூடாது என்று மாட்டு டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அப்படித்தான் போட்டேன். போன வாரம் அரைக் கையாகவும் குறைத்தேன். ஆனாலும் வாரத்துக்கு ஒரு கிலோ ஏறுகிறது.

"யாரோ போடுறாங்கண்ணே."

"வீட்டைப் பூட்டிட்டுத்தானே வர்றே? அப்ப காத்தைத் தின்னுதா?"

மறுநாள் லீவு போட்டேன். சோற்றுப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டு, நாய்க்கு ஒன்றும் வைக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரைக்குக் கிடங்குச் சங்கு ஊதியது. கட்டையன் எழுந்து சுவரோரம் போனது. போன வருஷம் மூட்டை அடுக்கு சரிந்து செத்துப்போன என் வீட்டுக்காரர், மதியம் சாப்பிட வந்து உட்கார்கிற இடம் அது. சுண்டுவிரல் இல்லாத கையால் தன் சோற்றில் பாதியை உருட்டி உருட்டி அதுக்குக் கொடுப்பார். திட்டினால், "அதுவும் காவல் வேலை பாக்குதுல்ல?" என்பார்.

கட்டையன் வாலை ஆட்டியது. அண்ணாந்து வாயைத் திறந்தது. மென்றது. தொண்டை ஏறி இறங்கியது. பதினோரு தடவை எண்ணினேன். கடைசியில், ஆள் கையை நக்குவது மாதிரி வெறும் காற்றை நக்கியது.

எழுந்து வெளியே ஓடப் பார்த்தேன். ஆனால் நாய் சாகக்கூடாது. எனக்கென்று வீட்டில் மூச்சு விடுவது அது ஒன்றுதான்.

"இந்தாய்யா," என்றேன் சுவரைப் பார்த்து. "பாசம் காட்டியே கொன்னுடாதே. நான் போடுறதே அதுக்குப் போதும். நீ நிறுத்திக்க."

அடுத்த வாரம் முப்பது. அதற்கடுத்த வாரம் இருபத்தொன்பது.

"என்ன வைத்தியம் பண்ணினே?" என்றார் அண்ணன்.

"சொல்ல வேண்டியவர்கிட்ட சொன்னேன்."

அன்று மதியம் மூட்டைமேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தேன். காலையில் அரைச் சட்டிதான் போட்டிருந்தேன். இப்போது மூடி முட்ட நிறைந்திருந்தது. மேலே பெரிய பெரிய உருண்டைகள். ஒவ்வொன்றிலும் விரல் தடம். சுண்டுவிரல் பட வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று கிடந்தது.

மூடி வைத்தேன், மறுபடி திறந்தேன். அடுத்த சங்குக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. லாரியில் ஏற்ற இன்னும் நாற்பது மூட்டை பாக்கி. பசி குடலைப் பிடுங்கியது.

ஒரு உருண்டையை எடுத்தேன். சூடாக இருந்தது.