ஊர் வழக்கப்படி

விடிந்ததும் விடியாததுமாக அமுதவல்லியின் குரல் வேம்படிக்குப்பத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும். அடுப்படியில் கேட்கும், வலை உதறுகிற இடத்தில் கேட்கும், ஏரிக்குள் போய்க்கொண்டிருக்கும் படகில்கூடக் கேட்கும். "வணக்கம், இன்னிக்கு ஊர்ச் செய்தி" என்று ஆரம்பிப்பாள். கரண்ட் எத்தனை மணிக்கு நிற்கும், நர்ஸம்மா எந்தக் கிழமை வருகிறாள், ரேஷனில் பருப்பு வந்ததா, ஐஸ் வண்டி வருமா வராதா. இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேருக்குப் படிக்க வராது என்பதால் எழுதாமல் பேசியே அனுப்பினாள். அந்த வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.

சொல்வதோடு நிற்கிற ஆளாக இருந்திருந்தால் அவளுக்கு இன்றைக்கு இந்தக் கதி இல்லை. ரேஷன் கடை முனையில் விளக்கு எரியவில்லை என்று நாலு நாள் தொடர்ந்து சொன்னாள். ஐந்தாம் நாள் மனு எழுதிக்கொண்டு ஆபீஸில் போய் நின்றாள். விளக்கு எரிந்தது. அப்புறம் குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது; அதற்கும் அலைந்தாள், அதுவும் சரியானது. "இன்னா கலெக்டரம்மா, இன்னிக்கு ஆபீஸ் லீவா?" என்று ஆண்கள் நக்கல் அடித்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். பத்தாவது வரைக்கும் படித்த படிப்பு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும், அதில் என்ன தப்பு. ஆனால் அந்தப் பெருமை கண்ணை மறைத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளும் மீன் விற்கிறவள்தான். பழவேற்காட்டுக்குப் போகிற ரோட்டில், பாலம் ஏறுகிற இடத்தில், பாலத்தடி என்று ஊரில் சொல்கிற இடத்தில், இருபத்து நாலு பெண்கள் வரிசையாகக் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது. லாரி போனால் மடவை மீன் மேலெல்லாம் புழுதி படியும். மழை வந்தால் பாலிதீன் ஷீட்டைத் தலையில் போட்டுக்கொண்டு மீனையும் தன்னையும் சேர்த்து மூடிக்கொள்வார்கள். ஒதுங்குவதற்கு ஒரு மறைவு இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதில் பாதிப் பேர்.

வரிசையில் முதல் இடம் ஜெயம்மாவுடையது. புருஷன் போய் ஏழு வருஷம் ஆகிறது. இரண்டு பெண்களையும் ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறவள். முட்டி தேய்ந்து போனதால் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்கிற வேலையை விட்டுவிட்டுப் பாலத்தடியில் உட்கார்ந்தவள். அவளைத் தேடியே திருப்பாலைவனத்திலிருந்து வண்டியில் வருகிறவர்கள் உண்டு. அழுகலை அடியில் போட்டு நல்லதை மேலே வைக்கிற வழக்கம் அவளிடம் கிடையாது.

"நமக்கு ஒரு கொட்டாய் போட்டுக் குடுத்தா இன்னாவாம்" என்று ஒரு நாள் ஜெயம்மா சொன்னாள். பேச்சுவாக்கில் சொன்னதுதான். அமுதவல்லி பிடித்துக்கொண்டாள்.

மனுவை நாலு நாள் எழுதினாள். ரோட்டோரம் உட்கார்ந்து விற்பதால் போக்குவரத்துக்கு இடைஞ்சல், விபத்து நேர வாய்ப்பு, சுகாதாரக் கேடு என்று ஒன்று விடாமல் எழுதினாள். கல் கட்டடமாக மீன் அங்காடி வேண்டும், தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும். எல்லாம் எழுதி முடித்த பிறகு அவளுக்கு ஒரு பயம் வந்தது. கட்டடம் வந்தால் கூடவே வெளியூர் வியாபாரியும் வருவான். ஆளைப் பிடித்துக் கடையை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அதைத் தடுக்க வேண்டுமே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். "கடைகளை எங்கள் ஊர் வழக்கப்படி சீட்டுப் போட்டு ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அந்த வரி எங்கிருந்து வந்தது என்றால், ஏரியிலிருந்து வந்தது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று பாடு முறை வைத்து, சீட்டு எடுத்துப் பிரித்துக்கொள்கிற ஊர் அது. சீட்டில் நல்ல இடம் விழுந்தாலும் மோசமான இடம் விழுந்தாலும் ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். பெரிய ஆள் சின்ன ஆள் என்ற பேச்சு அங்கே இல்லை. அவள் நைனா அந்தச் சீட்டில்தான் அவளை வளர்த்தார், அவள் புருஷன் இளவழகன் அந்தச் சீட்டில்தான் சோறு போடுகிறான். உலகத்தில் வஞ்சனை இல்லாத ஒரு காரியம் உண்டென்றால் அது ஊர்ச் சீட்டுதான் என்று சத்தியமாக நம்பினாள். சீட்டுப் போடுகிற இடத்தில் அவள் ஒரு தடவைகூட இருந்ததில்லை. பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. இருந்திருந்தால் யார் யார் பெயரைச் சொம்பில் போடுகிறார்கள் என்று பார்த்திருப்பாள்.

மனுவைப் பாலத்தடியில் வைத்துப் படித்துக் காட்டினாள். ஊர்ச் சீட்டு என்றதும் ஜெயம்மா முகம் மலர்ந்தது.

"அப்ப சரி. நம்ம ஊரு சீட்டுன்னா பேச்சே இல்ல. குடு, மொதல்ல நான் வைக்கிறேன்" என்று மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தாள். அப்படியும் தாளில் லேசாகச் செதில் ஒட்டிக்கொண்டது. மற்ற இருபத்து மூன்று பேரும் அவளுக்குக் கீழே வைத்தார்கள்.

இரண்டு வருஷம் அலைந்தாள். பஸ்ஸுக்கு நின்றாள், ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தாள், நாளைக்கு வா என்றால் நாளைக்கும் போனாள். கடைசியில் கட்டடம் எழும்பியது. பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், இருபது கடை, மேலே தகடு, கீழே சிமெண்ட் மேடை, குழாய், கதவு வைத்த இரண்டு கழிப்பறை. இருபத்து நாலு பேருக்கு இருபது கடைதானே என்று ஜெயம்மா கேட்டபோது, "எட்டுப் பேரு ஜோடி ஜோடியா ஒக்காந்துக்கலாம்கா, நாம இன்னா சண்டையா போட்டுக்கப் போறோம்" என்றாள் அமுதவல்லி. அன்றைய ஊர்ச் செய்தியில் அவள் அதை இரண்டு தடவை சொன்னாள். மனுவைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, மக்களின் முயற்சி என்று தலைப்பு எழுதி அங்காடி வாசலிலேயே மாட்டிவிட்டுப் போனார் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி. கைநாட்டு வரிசையும் அதில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோயில் வாசலில் சீட்டு. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அமுதவல்லி முதல் தடவையாக அந்த இடத்துக்குப் போய்ப் பூவரச மரத்தை ஒட்டி நின்றாள். இருபத்து நாலு பெயரையும் நோட்டுத் தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தாள். ஊர்த் தலைவர் ராஜவேலு அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இத்த எதுக்குமா எழுதினு வந்த?"

"கடைக்குச் சீட்டு போடணுமே மாமா. பாலத்தடில ஒக்கார்ற பொம்பளைங்க பேரு."

"ஊரு வழக்கப்படினு நீதானே எழுதிக் குடுத்த? ஊருச் சீட்டுன்னா தலைக்கட்டுச் சீட்டு. வூட்டுக்கு ஒரு ஆம்பளைனு வரி குடுக்குற அறுபத்தெட்டுத் தலைக்கட்டு கீது. அதுல பொம்பள பேரு எங்கமா கீது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லப்போனால் பொறுமையாகவே சொன்னார், தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"மீன் விக்கிறது நாங்க மாமா. அலைஞ்சது நாங்க."

"யாரு இல்லேன்னா? புருசன் பேருல உழுந்தா பொண்டாட்டி ஒக்காரப் போறா. வூட்டுக்குள்ளதானே வருது."

"புருசன் இல்லாதவ?"

ராஜவேலு சொம்பைக் குலுக்கினார். வட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தனும் தலை நிமிரவில்லை. இளவழகனும் அங்கேதான் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அதிகாரியிடம் ஓடினாள். அவர் கோப்பை எடுத்து அவளுடைய கையெழுத்தையே அவளுக்குக் காட்டினார். "நீங்க கேட்டபடிதானேம்மா செஞ்சிருக்கோம். ஊர் வழக்கத்துல நாங்க தலையிட முடியுமா?" என்றார். அவள் எழுதிய எழுத்து முத்து முத்தாக இருந்தது.

சாயங்காலம் ராஜவேலு அவள் வீட்டுக்கே ஆள் அனுப்பினார், கடை விழுந்தவர்கள் பட்டியலோடு. காலைச் செய்தியில் அவளே படிக்க வேண்டுமாம். அவள் வாயால் சொன்னால்தான் ஊர் நம்புமாம். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் பட்டியலைப் பிரித்தாள். ஐந்தாம் எண் கடைக்கு நேரே இளவழகன் பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்த ஒரு நொடி அவள் மனசு குளிர்ந்தது. அதுதான் உண்மை, மறைத்து என்ன ஆகப் போகிறது. தகடு, மேடை, குழாய், கதவு வைத்த கழிப்பறை எல்லாம் அந்த ஒரு நொடியில் அவள் கண்ணுக்குள் வந்து போனது. அடுத்த நொடியே பட்டியலை மடித்துத் தூர வைத்தாள். ஆனால் குளிர்ந்தது குளிர்ந்ததுதான்.

"இன்னாமே மூஞ்சத் தூக்கி வெச்சினு கீற? நமக்குத்தான் உழுந்துச்சே" என்றான் இளவழகன்.

காலையில் படித்தாள். இருபது பெயரையும் படித்தாள். ஐந்தாவது பெயரைக் கொஞ்சம் வேகமாகப் படித்தாள்.

இருபத்து நாலு பெண்களில் ஆறு பேருக்குத்தான் புருஷன் பெயரில் கடை வந்தது. மற்ற பதினாலு கடைக்காரர்கள் வீட்டில் மீன் விற்கிற பெண்களே இல்லை. சிலர் வலை போட்டு வைத்தார்கள், மற்றவர்கள் ஐஸ் பெட்டி வைக்க வெளியூர் வியாபாரிக்கு விட்டுவிட்டார்கள். அவள் எவனை உள்ளே விடக் கூடாது என்று அந்த வரியை எழுதினாளோ அவன் முன்வாசல் வழியாகவே வந்து உட்கார்ந்தான். அந்த வாரமே பாலத்தடியில் ஒரு பலகை முளைத்தது. அங்காடி திறக்கப்பட்டுவிட்டதாலும், ரோட்டோரம் உட்கார்ந்து விற்பதால் போக்குவரத்துக்கு இடைஞ்சல், விபத்து நேர வாய்ப்பு, சுகாதாரக் கேடு என்பதாலும், இனி அங்கே யாரும் மீன் விற்கக் கூடாது. வார்த்தைக்கு வார்த்தை அவள் மனுதான்.

பலகை வைத்த அன்று குழுவிலிருந்து ஒவ்வொருத்தராக வெளியேறினார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பாள். பதினெட்டுப் பேர் போன பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜெயம்மா வீட்டுக்குப் போனாள்.

ஜெயம்மா பழைய சும்மாட்டுத் துணியைத் தேடி எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். திருப்பாலைவனத்துக்கு முதல் பஸ்ஸில் போய்த் தெருத் தெருவாக விற்கப் போகிறாளாம்.

"யக்கா, என் கடைல பாதி உனுது. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். யாரு கேக்கப் போறாங்க?"

"ஒன் புருசன் கேக்க மாட்டான், ஊரு கேக்கும். நாளைக்கு ஒருத்தன் வந்து எழுந்துரும்பான். நான் எழுந்துக்கணும்." ஜெயம்மா துணியைச் சுருட்டினாள். "பாலத்தடில என்ன எவனும் எழுந்துருன்னு சொன்னதில்ல, அமுதா."

"நான் இப்புடி ஆவும்னு நெனைக்கலக்கா. சத்தியமா."

"தெரியும். நானுந்தானே நம்ம ஊரு சீட்டுனு பல்ல இளிச்சினு வெச்சேன்." சுருட்டிய துணியைக் கூடைக்குள் வைத்தாள். பிறகு, "ஒண்ணு மட்டும் பண்ணு. அந்தப் பேப்பர்ல கீற என் கைநாட்ட எடுத்துக் குடுத்துடு" என்றாள்.

அமுதவல்லி அங்காடிக்குப் போய் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றப் பார்த்தாள். சுவரில் துளை போட்டு நாலு மூலையிலும் இறுக்கியிருந்தார்கள். ராஜவேலுவிடம் கேட்டாள். அது ஊர்ச் சொத்து, தொடக் கூடாது என்றுவிட்டார்.

ஐந்தாம் எண் கடையில் உட்காராமல் மூன்று நாள் வீட்டில் இருந்தாள். நாலாம் நாள் இளவழகனுக்கு நல்ல பாடு. மூன்று கூடை மடவை, ஒரு கூடை கிழங்கான். மீன் யாருடைய மனசுக்காகவும் காத்திருக்காது. பாலத்தடியில் உட்கார முடியாது. கூடையைத் தூக்கிக்கொண்டு அங்காடிக்குப் போனாள். மேடை ஜில்லென்று இருந்தது. எதிரே ஐஸ் பெட்டிகள், பக்கத்தில் யாரோ முன்பின் தெரியாத ஆள்.

பத்து மணி வாக்கில் திருப்பாலைவனத்து தருமலிங்கம் வந்தார். நெல் விவசாயம் பண்ணுகிறவர். பத்து வருஷமாக ஜெயம்மாவைத் தவிர யாரிடமும் மீன் வாங்காதவர். பாலத்தடியில் தேடிவிட்டு வருகிறார் என்று அவர் வேர்வையிலேயே தெரிந்தது. கடை கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார்.

"ஏம்மா, ஜெயம்மா எந்தக் கடை?"

"அது உங்க ஊர்ப் பக்கந்தான் விக்கப் போயிருக்குது."

"கூடையைத் தூக்கிக்கிட்டா? அந்தக் காலை வெச்சுக்கிட்டா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "இவ்ளோ பெரிய கட்டடம் கட்டி வெச்சிருக்கானுங்க, அதுக்கு ஒரு எடம் இல்லியா? எந்தப் புண்ணியவான் பண்ண வேலை இது?"

அமுதவல்லி வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் திரும்பி, வாசலில் மாட்டியிருந்த சட்டத்தைப் பார்த்துவிட்டார். கிட்டே போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்து, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார். முழுசும் படித்தார். கடைசி வரியை வாய்விட்டே படித்தார். அதன் கீழே கைநாட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த முதல் பெயரில் விரல் நின்றது.

"அட, ஜெயம்மாதான் மொதல் ஆளா எழுதிக் குடுத்திருக்குது!" என்று திரும்பி வந்தார். முகத்தில் இருந்த இரக்கமெல்லாம் போய்விட்டிருந்தது. "தானே கேட்டு வாங்கியிருக்குது. அப்பறம் யாரைக் குத்தம் சொல்றது? என்ன பொம்பளைம்மா அது, வெவரமே இல்லாம."

எழுதினது நான் என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். நூற்று நாற்பது பேருக்குத் தினமும் பேசின வாய்தான் அது. பக்கத்துக் கடை ஆள் பார்த்துக்கொண்டிருந்தான். மீன் வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும்.

"மடவை எவ்ளோ போடட்டும்ணா?" என்று கேட்டாள்.

"ரெண்டு கிலோ போடு. ஜெயம்மா மாதிரி நல்லதாப் பார்த்துப் போடு" என்றார் தருமலிங்கம்.

அவள் குனிந்து நல்லதாகப் பார்த்து எடுத்துப் போட்டாள்.