நிமிடத்துக்கு ஒரு டாலர்

இருநூற்று எண்பத்தாறு டாலர் பாக்கி. கோடை முகாமிலிருந்து வந்த கடிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் திங்களிலிருந்து ஐடாவைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். நான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் பழகினவன். கடிதம் எதுவானாலும் இரண்டு தடவை படிப்பேன். இதை நாலு தடவை படித்தேன்.

முகாமுக்கான பணம் எப்போதோ கட்டியாகிவிட்டது. வாரம் நூற்றிருபது, பத்து வாரத்துக்கு ஆயிரத்து இருநூறு. மார்ச்சில் வரிப்பணம் திரும்பி வந்ததும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தப் பாக்கி தாமதத்துக்கானது. ஐந்தரை மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போய்விட வேண்டும். அதற்கு மேல் நிமிடத்துக்கு ஒரு டாலர்.

நான் சாலைக்குத் தார் போடுகிறவன். மிச்சிகனின் இந்த வடக்கு மூலையில் மே மாதம் பனி விட்டால்தான் எங்களுக்கு வேலை. அக்டோபரில் மறுபடி பனி. பள்ளிக்கூடம் மூடியிருக்கிற பத்து வாரம்தான் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத பத்து வாரம். குளிர்காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

ஐடாவுக்கு ஒன்பது வயது. அவள் அம்மா கொரின் என்னைவிட்டுப் போய் நாலு வருஷமாகிறது. பக்கத்து மாநிலத்தில் கிரீன் பேயில் இருக்கிறாள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. கோடைக்குப் பிள்ளையை அனுப்பு என்று வருஷா வருஷம் கேட்பாள். இங்கே நீச்சல், படகு எல்லாம் கற்றுக்கொள்கிறாள் என்று வருஷா வருஷம் நான் சொல்வேன். ஒரு கோடை போனால் பள்ளிக்கூடமும் அங்கேயே என்று ஆகிவிடும். அந்தப் பயத்துக்குத்தான் ஆயிரத்து இருநூறு கட்டினேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளையில் மேஸ்திரி ஹார்யுவிடம் போனேன்.

"கொஞ்சம் முன்பணம் வேணும். இருநூறு."

"எதுக்குடா? பல்லு கட்டப் போறியா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூடி வாயில் இருந்ததை விழுங்காமலேயே சொன்னான்: "பொண்ணு கேம்ப்புக்கு. அது ஏரியில படகு விடுது, நம்மாளு இங்க தார்ல வேகறான்."

"படகா! ஒரு நாளைக்கு நம்மளையும் ஏத்திக்குமா?"

"உன்னை ஏத்தினா ஏரியே கரையேறிடும்."

சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். "அஞ்சு மணிக்கு என்னை விட்டுட்டா நான் காசே கேக்க மாட்டேன்."

"அஞ்சு மணிக்குத்தான் கடைசி லாரி வருது, தெரியுமில்ல? கலவை சூடு ஆறினா கல்லு. உன் பொண்ணு காத்திருக்கும். கலவை காத்திருக்குமா?"

ஹார்யு கிளம்பிவிட்டான். நாலடி போய்த் திரும்பி வந்தான். "வெள்ளிக்கிழமை வாங்கிக்க. ரூடிகிட்ட சொல்லாத, அவனும் கேப்பான்."

"நான் இங்கதான்யா உட்கார்ந்திருக்கேன்" என்றான் ரூடி.

அன்றைக்குச் சாயங்காலமும் எல்லாப் பிள்ளைகளும் போனபிறகுதான் போய்ச் சேர்ந்தேன். முகாம் வாசலில் மேஜை போட்டிருப்பது மார்லின் கோஸ்கி. அறுபதை எட்டியவர். கையெழுத்துத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"வெள்ளிக்கிழமை கட்டிடறேன்" என்றேன்.

"அது கிடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத வெண்டல். உன் வண்டி அஞ்சு முப்பத்தஞ்சுக்கே வந்துடுது. நீ கையெழுத்துப் போடறப்ப நாப்பத்திமூணு. நடுவுல வண்டியில உட்கார்ந்துக்கிட்டு என்னதான்பா பண்ற?"

"பூட்ஸ் கழட்டறேன்."

"என்னது?"

எங்கள் பக்கம் வெளிப்பூட்ஸோடு யாரும் எங்கேயும் நுழையமாட்டார்கள். அதிலும் என்னுடையதில் தார். கயிறு முடிச்சு இறுகிக் கிடக்கும், குனிந்து நெம்பி எடுக்க வேண்டும். பிறகு கை துடைக்க வேண்டும், சட்டை மாற்ற வேண்டும். "நீங்க அப்பத்தான் தரை துடைச்சிருப்பீங்க" என்றேன்.

"கையெழுத்துப் போட்டாத்தான் நேரக் கணக்கு நிக்கும். தாளோட பின்பக்கம் போட்டிருக்கே, படிக்கலையா?"

முன்பக்கத்தைப் படிக்கவே எனக்கு ஒரு ராத்திரி ஆனது. வண்டி உள்ளே வந்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். தாமதமான இருபத்திரண்டு நாள், நாளைக்கு எட்டு நிமிடம். பூட்ஸ் கழற்றியதற்கு மட்டும் நூற்று எழுபத்தாறு டாலர்.

"அட கடவுளே, அப்படியே வந்திருந்தா நான் இன்னொரு தடவை துடைச்சிருப்பேனேப்பா" என்றார் மார்லின். "போன கணக்கு மெஷின்ல ஏறிடுச்சு, என்னால அழிக்க முடியாது. இன்னிக்கு அஞ்சரைன்னே எழுதறேன். வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாத."

வண்டியில் ஐடாவிடம் இதை ஒரு வேடிக்கை மாதிரி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ பூட்ஸா கழட்டிட்டிருந்த?"

"வேற என்ன பண்றேன்னு நினைச்ச?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். "எல்லாரும் போனப்புறம் நான் ஜன்னல்கிட்ட நிப்பேன். உன் வண்டி வரும். நீ இறங்கவே மாட்ட. தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்ப. உள்ள வர உனக்கு மனசில்லைன்னு நினைச்சேன்."

"ஐடா."

"அம்மா ஞாயித்துக்கிழமை போன்ல, அங்க வர்றியான்னு கேட்டாங்க. வர்றேன்னு சொல்லிட்டேன்."

"இப்பத்தான் தெரிஞ்சுருச்சில்ல, கண்ணு? நாளையிலேருந்து தாரோட அப்படியே வந்து நிக்கறேன்."

"அம்மா லீவு போட்டுட்டாங்கப்பா. சனிக்கிழமை வர்றாங்க." கொஞ்ச தூரம் போனபிறகு, "படகு கிளாஸும் எனக்குப் பிடிக்கல. ஒரு படகுல ரெண்டு பேரு. எல்லாருக்கும் ஜோடி இருக்கு. நான் டீச்சரோட உட்காருவேன்" என்றாள்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு பணம் கட்டியிருந்தியே."



நடந்ததைச் சொன்னதும், அடுத்த மூன்று நாளும் என் வேலையையும் ரூடி சேர்த்துப் பார்த்தான். கடைசி லாரிக்கு முன்பே என்னை விரட்டிவிட்டார்கள். ஐந்து இருபதுக்கே போய் வாசலில் நின்றேன். மற்ற அப்பா அம்மாக்களின் நடுவில் நின்றது அந்த மூன்று நாள்தான். ஐடா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். போகமாட்டாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. வெள்ளி இரவு அவள் நீச்சல் உடையை மடித்துப் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன்.

சனிக்கிழமை வந்தபோது கொரின் சண்டைக்கு நிற்கவில்லை. எனக்கு ஒரு டப்பாவில் சுட்ட பன் கொண்டு வந்திருந்தாள். "ஸ்கூல் பத்தி ஆகஸ்டுல பேசிக்கலாம் வெண்டல்" என்றாள், ஐடாவோடு காரில் ஏறியபின். அவள் இதை முன்பு ஒருபோதும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை மழை. மழையில் தார் போட முடியாது, பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. ஹார்யுவின் முன்பணம் வெள்ளி ராத்திரிதான் கைக்கு வந்திருந்தது; அதையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன்.

மழை என்பதால் பிள்ளைகள் எல்லாம் உள்ளே பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் மார்லின் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"அவ வரமாட்டாளா? அப்போ மீதி மூணு வாரத்துப் பணம் உனக்குத் திரும்ப வரும். முந்நூத்தி அறுபது. உன் பாக்கியை அதுல கழிச்சுக்கறேன், சரியா?"

"சரி."

"எழுபத்திநாலு உனக்கு வருது. செக்காத்தான் தருவாங்க." மெஷினில் தட்டிக்கொண்டே கேட்டார்: "அடுத்த கோடைக்குப் பேரு போட்டு வைக்கட்டுமா? ஏப்ரல்லயே நிறைஞ்சிடுது."

எனக்குப் பின்னால் ஒரு பெண் இரட்டைப் பிள்ளைகளோடு வந்து நின்றாள். குடை சொட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

மார்லின் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நான் கொண்டுபோன கடிதத்தை வாங்கி, இருநூற்று எண்பத்தாறுக்கு மேலே 'கட்டியாயிற்று' என்ற முத்திரையை அழுத்திக் குத்தி, மை காயட்டும் என்று ஊதி என்னிடம் கொடுத்தார்.