அறுபத்துநான்கு என்று எழுதிய இடம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கை மடிக்கணினியோடு வந்து என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தான் செய்த ஒரு திருத்தத்துக்கு ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொன்னாள். பள்ளிக்கூடக் கட்டுரையைக்கூட என்னிடம் காட்டாதவள். அதனால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் இதயத்துடிப்பைப் பச்சைக் கோடாகக் காட்டுமே, அந்த மானிட்டரைச் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அதன் உள்ளே எல்லா நிரலுக்கும் அடியில் ஓடும் மூல நிரலை, கெர்னலை, கவனிப்பது அவள் பொறுப்பு.

“என்ன திருத்தம்?” என்றேன்.

“ஒரு நம்பர். அறுபத்துநாலை முப்பத்திரண்டா மாத்தினேன்.”

“அவ்வளவுதானா? அதுக்கா மூணு நாளா முகத்தைத் தூக்கி வச்சிட்டிருக்க?”

“மாத்துறது ஈஸிக்கா. ஏன் மாத்தினேன்னு கூடவே எழுதணும். ஏழு வரி எழுதிட்டேன். எட்டாவதுதான் வரல.”

திரையை என் பக்கம் திருப்பினாள். எட்டாவது வரி ‘திருத்தப்படுவது:’ என்று தொடங்கி அங்கேயே நின்றது.

2

முதல் தொடக்கம்: ‘கணினிக்குள் ஒரு பெரிய நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் வீதிகளில் எண்கள்—’

வேண்டாம். கணினியைப் பற்றி எழுத வருகிற எல்லோரும் ஒரு நகரத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: ‘நினைவகம் எனப்படுவது யாதெனில்—’

இதை நானே படிக்க மாட்டேன்.

தங்கை எனக்குச் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் ஒட்டிய ஒயர்களிலிருந்து வரும் துடிப்பை ஒரு சின்னக் கார்டு வாங்குகிறது. வாங்கியதை அது நேராக மெமரியில் கொண்டுபோய் எழுதிவிடும். எங்கே எழுத வேண்டும் என்கிற முகவரியைக் கொடுப்பது கெர்னல். இந்தக் கார்டுக்கு முப்பத்திரண்டு பிட், அதாவது முப்பத்திரண்டு இலக்க முகவரிதான் படிக்கத் தெரியும். ஆனால் அதை இயக்கும் நிரலில் யாரோ ‘அறுபத்துநான்கு வரை தெரியும்’ என்று எழுதிவைத்திருந்தார்கள். கெர்னலும் அதை நம்பி, எட்டாத இடத்திலெல்லாம் இடம் ஒதுக்கியது.

“எட்டலைன்னா எட்டலைன்னு சொல்லாதா?” என்று கேட்டேன்.

“சொல்லாது. நாலு கட்டம் மட்டும் இருக்கிற ஃபாரத்துல பன்னிரண்டாயிரத்து நாற்பத்தேழுன்னு வீட்டு நம்பர் எழுதினா என்ன ஆகும்? முதல் நம்பர் விழுந்திடும். பார்சல் ரெண்டாயிரத்து நாற்பத்தேழுக்குப் போயிடும். கொண்டுபோனவன் கொடுத்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவான்.”

சரியான வீட்டில் பார்சல் வராததால் அங்கே பழைய துடிப்பே கிடக்கும். மானிட்டர் அதையே மறுபடி வரையும். போன மாதச் சோதனையில் ஒரு நர்ஸ் ஒயரைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். திரையில் இதயம் துடித்துக்கொண்டே இருந்ததாம். நான்கு விநாடி. சோதனை அறை என்பதால் ஆபத்தில்லை.

3

இனி ஒரு மனிதரைக் கொண்டுவர வேண்டும். இவரை எழுத எனக்குத் தயக்கம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அதே கம்பெனியில் மின்பலகைகளை வடிவமைத்தவர். பலகையைத் தொடுமுன் கையுறை போடாமல் இருந்ததே இல்லை என்பதால் கையுறை என்றே பெயர். நான்கு வருடத்துக்கு முன் மானிட்டரில் இருந்த சின்ன மெமரிச் சில்லை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றை வைத்தார். அடுத்த மாதமே கோடு பிசகியது. பழைய சில்லைத் திரும்ப வைத்ததும் சரியாகிவிட்டது. தப்பு அவர் வைத்த சில்லில்தான், கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். “மெமரி நல்லாத்தான் இருக்கு, நிரல் பக்கமும் பாருங்க” என்று அவர் கேட்டிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை.

சின்ன மெமரியில் எந்த முகவரியும் முப்பத்திரண்டு பிட்டைத் தாண்டாது. அதனால் தப்பான அந்த எண் அதுவரை யாருக்கும் தொல்லை கொடுக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பழம் எப்போதோ கனிந்திருந்தது.

இப்போது சின்னச் சில்லு சந்தையிலேயே இல்லை. வேறொரு கம்பெனியின் பெரிய சில்லைப் போட்டார்கள். அதே பிசகு.

“ரெண்டு வேற வேற கம்பெனிச் சில்லு எப்படிக்கா ஒரே மாதிரி கெட்டுப்போகும்?” என்றாள் தங்கை. “தப்பு வந்த இடத்தையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு தடவை. பன்னிரண்டும் முப்பத்திரண்டு பிட் எல்லைக்கு அந்தப் பக்கம்.”

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. கண்டுபிடித்த மகிழ்ச்சி. அடுத்த நிமிடமே அது போய்விட்டது.

4

கெர்னல் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது திருத்தினால், எந்தப் பழைய மாற்றத்தைத் திருத்துகிறோம் என்று கடைசியில் குறிக்க வேண்டும். பழைய மாற்றத்தோடு அதைச் செய்தவர் பெயரும் தேதியும் ஒட்டிக்கொண்டே வரும்.

அறுபத்துநான்கு என்று எழுதியவள் என் தங்கை. ஆறு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், வேறொரு கார்டின் நிரலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. எல்லோரும் செய்வதுதான்.

“இன்னும் பத்து நாள்ல என்னை டீமுக்குத் தலைவியாக்கப் போறாங்க” என்றாள். “இப்ப இதை எழுதணும். எழுதுறது உன் தொழில்தானே, பொய் இல்லாம, ஆனா யாருக்கும் சட்டுன்னு புரியாத மாதிரி ஒரு வரி சொல்லு.”

நான் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். ‘நீண்ட காலமாக இருந்துவந்த ஒரு பிழை’ என்று எழுதச் சொன்னேன். நல்ல வாக்கியம். யார் கையும் படாத வாக்கியம்.

தங்கை தட்டச்சு செய்தாள். படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உன் கதைக்கும் இப்படித்தான் எழுதுவியா?”

5

[இந்தப் பகுதியை மூன்று முறை நீக்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் 4 முடிந்து நேராக 6 வந்து நின்றது. எண்ணை மாற்றினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாற்றவில்லை.]

நான்கு வருடத்துக்கு முன் நான் ஒரு நகைச்சுவைக் கதை எழுதினேன். தங்கை அலுவலகக் கதையைச் சொல்ல, நான் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்தேன். ஒரு பலகை வல்லுநர் க்ரீம் பிஸ்கட் தின்ற கையால் மெமரிச் சில்லைப் பிடித்து, ஒரு ஆஸ்பத்திரியையே தலைகீழாக்குகிறார். மூன்றாம் பக்கத்தில் வருகிறது அந்தப் பிஸ்கட். தங்கை பிஸ்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறுங்கை என்றும் சொல்லவில்லை. அவர் கையுறையைக் கழற்றியவள் நான்.*

பத்திரிகையில் வந்ததை யாரோ வெட்டி அலுவலகத் தேநீர் அறையில் ஒட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் வேலையை விட்டுப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. அப்போது இது எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைவரை தங்கை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் இரண்டிடம், இரண்டும் ஒரே வீட்டில்.

*சிரிப்புக்காகத்தான். அந்த இடத்தில் சிரித்ததாக வாசகர்கள் கடிதம்கூட எழுதினார்கள்.

6

முடிவு ஒன்று: தங்கை மழுப்பலான வரியையே அனுப்புகிறாள். தலைவியாகிறாள். நான் வேறு கதை எழுதப் போகிறேன்.

முடிவு இரண்டு: கையுறை திரும்ப வேலைக்கு வருகிறார், எல்லோரும் எழுந்து நின்று கை— (இதை எழுதிய விரலை நானே தட்டிவிட்டேன்.)

நடந்தது: வியாழக்கிழமை மதியம் தங்கை தன் பெயரும் தேதியும் தெரிய எட்டாவது வரியை எழுதி அனுப்பினாள். ஏழாவது வரிக்கு மேலே இன்னொன்றும் சேர்த்தாள்: நான்கு வருடத்துக்கு முன் மாற்றிய மெமரியில் எந்தக் குறையும் இல்லை. தலைவி பதவி பற்றி இதை எழுதும் நாள்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை நான் கையுறையைப் பார்க்கப் போனேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில், ஜன்னலோரம், கையுறையோடுதான் இருந்தார். நான் யாரென்று சொன்னேன். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன் அவர் குறுக்கிட்டார்.

“எத்தனை பிட்டுன்னு போட்டிருந்தாங்க?”

“அறுபத்துநாலு.”

“கார்டுக்கு?”

“முப்பத்திரண்டு.”

ஒரு காகிதத்தை எடுத்து ஏதோ கணக்குப் போட்டார். தலையை ஆட்டினார். “அதான், பாதி மெமரிய எடுத்துட்டு ஓட்டினப்ப ஒண்ணும் ஆகல. ஏன்னு நாலு வருஷமா புரியல.” அவர் கேட்க விரும்பியது இதைத்தானோ என்று எனக்குத் தோன்றியது. மன்னிப்பைவிட.

பிறகு காகிதத்தை நான்காக மடித்து மேசையில் வைத்தார்.

“தங்கச்சி மேல எனக்கு ஒண்ணுமில்ல. நம்பர் தப்பாப் போகும், எனக்கும் போயிருக்கு. உங்க கதைய என் பொண்ணு படிச்சா. அப்ப அவளுக்குப் பதினொரு வயசு. ‘அப்பா, நீங்க நிஜமாவே இப்படித்தானா’ன்னு கேட்டா. இல்லம்மான்னேன். ‘அச்சுல போட்டிருக்கே’ன்னா.”

“நான் வந்து அவகிட்டச் சொல்றேன் சார்.”

“வேண்டாம். அச்சுல படிச்சா. அச்சுலயே படிக்கட்டும்.”

“எழுதறேன் சார். அந்தக் கதைய எப்படி முடிக்கட்டும்?”

“நீங்க முடிக்காதீங்க” என்றார். “போன தடவ நீங்கதான் முடிச்சீங்க.”

7

திருத்தப்படுவது: நான் எழுதிய கதை, மூன்றாம் பக்கம். பிஸ்கட் என் கற்பனை. வெறுங்கை என் கற்பனை. மெமரியில் குறையில்லை. எழுதியவள் நான்.

இதுவரை வாசித்த நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் உங்களில் ஒருத்திக்கு இப்போது பதினைந்து வயது. அப்பா பக்கத்து அறையில் இருப்பார். இதைப் படித்தாயா என்று அவர் உன்னைக் கேட்க மாட்டார், அவர் அப்படிப்பட்டவரில்லை. முதலில் கேட்டது நீதானே அம்மா. எழுந்து போவதா வேண்டாமா என்பதும் உன் கையில்தான் இருக்கிறது.